பெங்களூரு மால்களில் வீடியோ கேம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் அல்சூரில் பிறந்து வளர்ந்தவன். ஐடிஐயில் எலக்ட்ரானிக்ஸ் முடித்த கையோடு, 2005-ல் பெங்களூரு மால் ஒன்றின் மேல்மாடி கேம் சோனில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். 2020 வரை அங்கேதான் இருந்தேன். எந்திரம் நின்றுபோனால் சாவிக்கொத்தோடு ஓடுகிறவன் நான். அந்த இடம் இன்று இல்லை. ஆனால் கல்யாண வீட்டிலும் மெட்ரோவிலும் யாராவது அடையாளம் கண்டுபிடித்து, "அண்ணா, நீங்க அந்த கேம் சோன்ல இருந்தவர்தானே?" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மால் வருவதற்கு முன்னால் பெங்களூரில் வீடியோ கேம் இருந்ததா?

நிறையவே இருந்தது. 90களில் அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம், நீலசந்திரா என்று தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த எந்தப் பகுதிக்குப் போனாலும், சந்துக்குள் ஒரு வீடியோ கேம் கடை இருக்கும். ஒரே ஒரு அறை. திரையில் வெளிச்சம் அடிக்கக் கூடாது என்று ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருப்பார்கள். உள்ளே பிளைவுட்டில் ஆசாரி அடித்துக் கொடுத்த நாலைந்து பெட்டிகள். ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு கலர் டிவி, ஆட்டத்தை ஓட்டும் சர்க்யூட் போர்டு ஒன்று, ஒரு பவர் சப்ளை. எங்கள் தெருக் கடையில் ஒரு ரூபாய்க்கு ஒரு ஆட்டம்.

அந்தக் கடையில் எந்திரங்கள் ஐந்து. சாயங்காலம் உள்ளே இருக்கும் பையன்களோ முப்பது பேருக்குக் குறைய மாட்டார்கள். ஏழெட்டுப் பேர் ஆடுவார்கள், மற்றவர்கள் பார்ப்பார்கள். பார்ப்பதற்குக் காசு கிடையாது. ஆடுகிறவன் தோளுக்கு மேலே கழுத்தை நீட்டி, "மச்சா, பின்னாடி வரான் பாரு" என்று கத்தி, அடுத்தவன் தோற்ற இடத்தில் நாம் என்ன செய்திருப்போம் என்று யோசித்து, அப்படித்தான் கற்றுக்கொண்டோம். என் கையில் முதல் ஒரு ரூபாய் வருவதற்கு முன்பே நாலாவது ஸ்டேஜ் வரை எனக்கு மனப்பாடம். இந்தப் பின்னால் நிற்கும் கூட்டத்தை நினைவில் வையுங்கள். கீழே பல பதில்களில் நான் அதற்குத்தான் திரும்பி வருவேன். எந்திரங்களின் கதையைவிட அந்தக் கூட்டத்தின் கதைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

எல்லோரும் சொல்லும் 'முஸ்தஃபா கேம்' எது?

அதன் உண்மையான பெயர் 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்'. ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1993-ல் வெளியிட்டது. ஜாக், ஹன்னா, முஸ்தஃபா, மெஸ் என்று நான்கு பேர். அவர்களில் ஒருவரை நாம் எடுத்து ஆட வேண்டும். ஒரே நேரத்தில் மூன்று பேர் வரை ஆடலாம். மஞ்சள் தொப்பி போட்ட முஸ்தஃபா வேகமானவன், ஓடிவந்து உதைத்தால் எதிரி தூரத்தில் போய் விழுவான். எல்லோருக்கும் அவனே வேண்டும் என்பதால் ஆட்டத்துக்கே அவன் பெயர் நிலைத்துவிட்டது. நம் ஊரில் மட்டுமல்ல, இந்தியாவின் பல ஊர்களிலும் இதே பெயர்தான்.

அதற்கு அடுத்தபடியாகக் கூட்டம் சேர்த்தது 'கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 97'. எஸ்என்கே நிறுவனத்தின் நியோ ஜியோ போர்டில் ஓடுவது. அந்தப் போர்டில் கேம் ஒரு கேட்ரிட்ஜாக வரும். முழு எந்திரத்தையும் மாற்றாமல் கேட்ரிட்ஜை மட்டும் மாற்றினால் புது ஆட்டம். சின்னக் கடைக்காரர்களுக்கு இது பெரிய வசதி.

இதையெல்லாம் முதலில் யார் செய்தார்கள்?

அமெரிக்காவில் நோலன் புஷ்னெல், டெட் டாப்னி இருவரும் 1971-ல் 'கம்ப்யூட்டர் ஸ்பேஸ்' என்ற காசு போட்டு ஆடும் எந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். அது பெரிதாக ஓடவில்லை. அடுத்த வருடம் அட்டாரி என்று நிறுவனம் தொடங்கினார்கள். அங்கே ஆலன் அல்கார்ன் செய்த 'பாங்' கலிஃபோர்னியாவில் ஒரு மதுக்கடையில் வைக்கப்பட்டது. சில நாளில் எந்திரம் நின்றுவிட்டதாக அழைப்பு. போய்த் திறந்து பார்த்தால் காசு நிரம்பி வழிந்ததுதான் கோளாறு. என் தொழிலில் எனக்கு மிகப் பிடித்த கதை இது.

பிறகு ஜப்பான். 1978-ல் டைட்டோவின் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்', 1980-ல் நாம்கோவின் 'பேக்-மேன்', 1991-ல் கேப்காமின் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'. ஸ்பேஸ் இன்வேடர்ஸில் எதிரிகள் குறையக் குறைய மிச்சம் இருப்பவர்கள் வேகம் பிடிப்பார்கள் அல்லவா? முதலில் அது யாரும் திட்டமிட்டு வைத்ததல்ல. வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் அந்தக் காலத்துப் பிராசஸருக்கு வேலை குறைந்து, ஆட்டம் தானாக வேகமெடுத்தது. அந்த ஆட்டத்தை உருவாக்கிய டோமோஹிரோ நிஷிகாடோ அதை அப்படியே விட்டுவிட்டார். ஆட்டக்காரன் நெஞ்சு படபடப்பதற்குக் காரணமே அதுதான்.

வீடியோ கேம் கடைகளுக்குள் போலீஸ் ஏன் வந்தது?

வீடியோ கேம் என்ற பெயரில் இரண்டு விதமான எந்திரங்கள் ஓடின. ஒன்று நாங்கள் ஆடியது. மற்றொன்று காசு வைத்துக் காசு எடுக்கும் சூதாட்டம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி பெட்டி. கர்நாடக போலீஸ் சட்டத்தின் கீழ் லைசென்ஸ் கேட்டதை எதிர்த்துக் கடைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். எம்.ஜே. சிவானி வழக்கு என்று அதற்குப் பெயர். 1995 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், வீடியோ கேம் நடத்த லைசென்ஸ் கேட்டது செல்லும் என்று தீர்ப்பளித்தது.

சூதாட்ட எந்திரத்தைக் கட்டுப்படுத்தியது சரிதான். அதில் வீடிழந்த ஆட்களை எனக்கே தெரியும். ஆனால் அந்த நிழல் எங்கள் கடைகள் மேலும் விழுந்தது. வீடியோ கேம் கடைக்குப் போகிற பையன் என்றாலே உருப்படாதவன் என்று வீடுகளில் முடிவு கட்டினார்கள். 2000க்குப் பிறகு பிளேஸ்டேஷன் வைத்து மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கடைகளும், கவுன்டர் ஸ்ட்ரைக் ஆட விட்ட சைபர் கஃபேக்களும் வந்தன. பிளைவுட் பெட்டிகளுக்கு அதோடு வேலை முடிந்தது.

மாலுக்குள் கேம் சோன் எப்படி வந்தது? ஏன் எப்போதும் மேல் மாடியிலேயே இருக்கிறது?

2004-ல் கோரமங்களாவில் ஃபோரம் மால் திறந்தது. இப்போது அதன் பெயர் நெக்சஸ். அங்கே பிவிஆர் பதினோரு திரைகளோடு வந்தது. ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. 2005-ல் மேக்ரத் ரோட்டில் கருடா மால். பிறகு 2010-ல் மல்லேஸ்வரத்தில் மந்திரி ஸ்கொயர், 2011-ல் ஒயிட்ஃபீல்டு பக்கம் ஃபீனிக்ஸ் மார்க்கெட்சிட்டி, 2012-ல் ஓரியன். பெரிய மால் ஒவ்வொன்றாகத் திறக்க, சினிமாவும் ஃபுட் கோர்ட்டும் கேம் சோனும் ஒரே குடும்பம் போலச் சேர்ந்து வர ஆரம்பித்தன.

மேல் மாடிக்குக் காரணம் கணக்குதான். தரைத்தளத்தில் சதுர அடி வாடகை அதிகம். அங்கே துணிக்கடையும் நகைக்கடையும் தாங்கும், ஐம்பது எந்திரங்கள் அடைத்துக்கொள்ளும் இடம் தாங்காது. சத்தம் வேறு. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று: மேலே ஒரு குழந்தை போக வேண்டும் என்று அடம்பிடித்தால், அப்பா அம்மா எஸ்கலேட்டரில் எல்லாக் கடையையும் தாண்டித்தான் வர வேண்டும். படத்துக்கு நாற்பது நிமிடம் இருக்கிறது என்று வருகிறவர்கள்தான் எங்களுக்குப் பாதி வியாபாரம்.

உங்கள் கேம் சோனில் என்னென்ன எந்திரங்கள் இருந்தன?

'டேடோனா யுஎஸ்ஏ' கார் ஓட்டும் எந்திரங்கள் நான்கு, ஒன்றோடொன்று இணைத்தவை. செகா 1994-ல் கொண்டுவந்த ஆட்டம். 2005-லும் அதற்குத்தான் வரிசை. 'டைம் கிரைசிஸ் 2' துப்பாக்கி எந்திரம், இரண்டு திரை. நடன எந்திரம் ஒன்று. ஏர் ஹாக்கி இரண்டு. சுத்தியலால் எலியை அடிப்பது ஒன்று. அதுவும் 1975-ல் ஜப்பானில் பிறந்ததுதான். குழந்தைகள் உட்கார்ந்து ஆடும் யானை, ஹெலிகாப்டர். கூடைப்பந்து. பிற்பாடு, ஜெயித்தால் டிக்கெட் கொடுக்கும் எந்திரங்கள் நிறைய. டிக்கெட்டைச் சேர்த்துக் கொடுத்தால் பரிசு.

இவற்றில் எனக்கு உயிர் டைம் கிரைசிஸ்தான். காலடியில் ஒரு பெடல். மிதித்தால் எழுந்து சுடலாம், காலை எடுத்தால் மறைவுக்குள் ஒளிந்துகொண்டு குண்டு நிரப்பிக்கொள்ளலாம். சுடும்போது துப்பாக்கியின் மேல்பகுதி பின்னுக்கு உதைக்கும். உள்ளே ஒரு சோலனாய்டு, அதாவது மின்சாரம் பாய்ந்தால் இழுக்கும் காந்தச் சுருள், அந்த வேலையைச் செய்கிறது. நாள் முழுக்க உதைத்து உதைத்து வாரத்துக்கு ஒன்று தேய்ந்துபோகும்.

சுட்ட இடம் எந்திரத்துக்கு எப்படித் தெரிந்தது?

பழைய டிவிக் குழாயில் ஒரு எலெக்ட்ரான் கற்றை, இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக, கோடு கோடாகப் படத்தை எழுதுகிறது. டிரிகரை அழுத்தியதும் திரை ஒரு கணம் வெள்ளையாகப் பளிச்சிடும். துப்பாக்கி முனையில் வெளிச்சத்தை உணரும் ஒரு சென்சார். அது குறிபார்க்கும் புள்ளியைக் கற்றை கடக்கும்போது சென்சார் செய்தி அனுப்பும். கற்றை மேல் மூலையிலிருந்து கிளம்பி எவ்வளவு நேரம் ஆனது என்று போர்டு கணக்கிட்டால், இடம் துல்லியமாகத் தெரிந்துவிடும். நொடியில் லட்சத்தில் ஒரு பங்கைவிடக் குறைந்த நேரத்தை அளக்கும் வேலை இது. அதைச் செய்தது ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி.

எல்சிடி திரையில் அப்படி ஓடும் கற்றையே கிடையாது. அதனால் குழாய் டிவி போனதும் அந்தத் துப்பாக்கிகளும் செத்தன. இப்போது வருபவை இன்ஃப்ராரெட் விளக்குகளை வைத்து இடம் கண்டுபிடிப்பவை. எங்கள் டைம் கிரைசிஸின் குழாய் மங்கியபோது மாற்றுக் குழாய் தேடி ஊரெல்லாம் அலைந்தேன். கிடைக்கவில்லை.

டோக்கன் ஏன் போனது, கார்டு ஏன் வந்தது?

நான் சேர்ந்தபோது டோக்கன்தான். ஒவ்வொரு எந்திரத்திலும் டோக்கன் விழும் பொறிக்குள் ஒரு மாதிரி டோக்கனைச் சொருகி வைத்திருப்போம். விழுவது அதனோடு ஒத்துப்போனால் ஏற்கும், இல்லையென்றால் கீழே துப்பிவிடும். ராத்திரி கடை மூடியதும் ஐம்பது பெட்டியையும் திறந்து, எண்ணி, கணக்கு எழுதி முடிக்க நள்ளிரவு ஆகும். கார்டு வந்ததும் அந்த வேலை ஒரே நாளில் மறைந்தது. எந்த எந்திரம் எத்தனை மணிக்கு எவ்வளவு சம்பாதித்தது என்று ஆபீஸ் கம்ப்யூட்டரில் தெரிந்தது.

உள்ளே நடந்த மாற்றம் வேடிக்கையானது. கார்டு ரீடரிலிருந்து போகும் இரண்டு ஒயரை, முன்பு டோக்கன் விழுந்தால் தட்டும் சுவிட்ச் இருந்த இடத்திலேயே இணைப்போம். கார்டைத் தேய்த்தால் அதே மின் துடிப்பு போகும். 1994-ல் பிறந்த டேடோனா கடைசி வரை தனக்குள் காசு விழுகிறது என்றே நம்பிக்கொண்டிருந்தது.

ஆடுகிறவர்களிடம் வந்த மாற்றம் வேறு. டோக்கன் கையில் இருந்தால், இன்னும் மூன்றுதான் இருக்கிறது என்று பையனுக்குத் தெரியும். எதில் போடலாம் என்று ஒரு சுற்றுச் சுற்றி வருவான், மற்றவர்கள் ஆடுவதைப் பார்ப்பான், யோசிப்பான். ஒரு டோக்கனை நண்பன் கையில் வைத்து, "டேய், நீ ஆடு" என்பான். கார்டு அப்பா கையில் இருந்தது. தேய்த்துவிட்டு, முடிந்ததா, அடுத்தது எங்கே என்று நகர்ந்தார்கள். பார்க்கிற கூட்டம் மெலிந்துபோனது அந்த வருடங்களில்தான். நிர்வாகத்துக்கு இது லாபம் என்று புரிகிறது. இடத்தின் உயிர் அதில் போய்விட்டது என்றுதான் நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

பொம்மை எடுக்கும் எந்திரத்தில் ஏமாற்று இருக்கிறதா?

பெற்றோர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். நேராகவே சொல்கிறேன். அந்தக் கைக்கு எவ்வளவு பிடி என்பதை எந்திரத்துக்குள் நாம் அமைக்கலாம். இத்தனை ஆட்டத்துக்கு ஒருமுறை முழுப்பிடி, மற்ற நேரம் தளர்ந்த பிடி என்று வைக்க அமைப்பு இருக்கிறது. பிடி தளர்வாக இருக்கும் முறையில் நீங்கள் எவ்வளவு சரியாக இறக்கினாலும் பொம்மை நழுவும். எல்லா எந்திரமும் இப்படி என்று சொல்லவில்லை, ஆனால் பலவும் இப்படித்தான். குழந்தை தோற்றால் அதன் கைத்திறன் மேல் பழி போடாதீர்கள். இரண்டு முறை ஆடவிட்டுக் கூட்டிப் போய்விடுங்கள்.

டிக்கெட் சேர்த்துப் பரிசு வாங்குவது லாபமா?

பென்சில் வேண்டுமென்றால் கடையில் வாங்குங்கள்.

லைட்டர் வைத்து இலவசமாக ஆடலாம் என்பார்களே, உண்மையா?

கேஸ் அடுப்பு லைட்டரின் பொறியை டோக்கன் போடும் துளை அருகே தட்டினால் சில பழைய எந்திரங்களில் கிரெடிட், அதாவது காசு போட்டதாகக் கணக்கு, ஏறியது உண்மை. அந்தப் பொறியின் மின்னழுத்தம் பல ஆயிரம் வோல்ட். சில நேரம் கிரெடிட்டுக்குப் பதில் சிப் ஒன்று போய்விடும். சிறு கடைக்காரருக்கு ஒரு போர்டு போனால் ஒரு மாதச் சோறு போன மாதிரி. எங்கள் தெரு அண்ணன் ஒருவர் அப்படித்தான் கடையை மூடினார்.

உதிரிப் பாகம் எங்கே கிடைத்தது?

எஸ்.பி. ரோடு. டவுன்ஹால் பக்கம் உள்ள அந்த எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு இல்லையென்றால் என் வேலை நடந்திருக்காது. ஜாய்ஸ்டிக்குக்குள் இருப்பது நான்கு மைக்ரோசுவிட்ச். 'டிக் டிக்' என்று கேட்பது அதுதான். மானிட்டரில் படம் சுருங்கினாலும் நெளிந்தாலும் பெரும்பாலும் கெப்பாசிட்டர் காய்ந்திருக்கும். இவையெல்லாம் அங்கே கையளவு விலைக்குக் கிடைக்கும். கேப்காமின் சிபிஎஸ்-2 போர்டு ஒன்று எங்களிடம் இருந்தது. அதற்குள் ஒரு சின்ன பேட்டரி. அதுதான் ஆட்டத்தின் ரகசிய எண்ணைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. பேட்டரி தீர்ந்தால் எண் அழிந்து ஆட்டமும் முடிந்தது. திருட்டு நகல் எடுக்கக் கூடாது என்று செய்தது அது. எங்களுடையது ஒரு தீபாவளி லீவில் போனது. யாரும் அதைத் தொடக்கூட இல்லை.

2020-ல் என்ன நடந்தது?

மார்ச் 14 முதல் கர்நாடகத்தில் மால்களையும் தியேட்டர்களையும் ஒரு வாரம் மூடச் சொன்னார்கள். ஒரு வாரம்தானே என்று எந்திரங்களைத் துடைத்து, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தோம். ஜூன் மாதம் மால்கள் திறந்தபோதும் மத்திய சுகாதார அமைச்சகத்தின் விதிமுறையில் கேம் ஆர்க்கேடுகள் மூடியே இருக்க வேண்டும் என்று இருந்தது. எல்லோரும் ஒரே ஸ்டியரிங்கையும் ஒரே துப்பாக்கியையும் தொடும் இடம். அந்த முடிவில் எனக்குக் குறையில்லை.

வாரம் ஒருமுறை நான் மட்டும் போய் எல்லாவற்றையும் அரை மணி நேரம் ஓடவிட்டு வருவேன். ஈரம் ஏறாமல் இருக்க வேண்டும், எலி ஒயரைக் கடிக்காமல் இருக்க வேண்டும். ஐம்பது எந்திரமும் ஒன்றாகப் பாட்டுப் போடும், விளக்கு சுழலும், "காயின் போடுங்கள்" என்று திரை மின்னும். எதிரே ஒருத்தரும் இல்லை. பதினைந்து வருடம் அந்தச் சத்தத்தில் வாழ்ந்தவன் நான், ஆனால் அந்த அரை மணி நேரம் எனக்குத் தாங்கவில்லை. சத்தமே இல்லாமல் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை.

அந்த இடம் மறுபடி திறக்கவில்லை. எந்திரங்களில் ஓடக்கூடியவை வேறு ஊர்களுக்கு விற்கப்பட்டன. டேடோனாவின் இரண்டு கேபினட்கள் குஜரிக் கடைக்குப் போயின. தமிழ்நாட்டில் காயலான் கடை என்பார்கள். போர்டுகளை மட்டும் கேட்டு வாங்கி என் வீட்டில் வைத்திருக்கிறேன்.

இப்போது பெங்களூரில் எங்கே ஆடலாம்?

பெரிய மால்கள் பலவற்றில் கேம் சோன் இருக்கிறது. 2021-ல் ராஜாஜிநகரில் திறந்த லுலு மாலின் ஃபன்டூரா அவற்றில் பெரியது. ஆனால் ஜாய்ஸ்டிக்கும் ஆறு பட்டனும் உள்ள பழைய சண்டை ஆட்டம் தேடிப் போனால் ஏமாந்து வருவீர்கள்.

வீட்டில் பழைய ஆட்டங்களை ஆட முடியுமா?

முடியும். 1997-ல் நிகோலா சல்மோரியா என்ற இத்தாலியர் தொடங்கிய 'மேம்' என்ற மென்பொருள், பழைய போர்டுகளைக் கம்ப்யூட்டருக்குள் அப்படியே நடித்துக்காட்டும். மென்பொருள் இலவசம், ஆட்டங்களின் உரிமை மட்டும் அந்தந்த நிறுவனங்களுக்கே. பல நிறுவனங்கள் பழைய ஆட்டங்களைத் தொகுப்பாக விற்கின்றன, வாங்கி ஆடுங்கள். மேம் இல்லையென்றால் சந்துக்கடைகளில் ஓடிய பாதி ஆட்டங்கள் மண்ணோடு போயிருக்கும். ஆட்டத்தைக் காப்பாற்றிவிட்டார்கள். பின்னால் நிற்கும் ஆட்களை நீங்கள்தான் வீட்டுக்குக் கூப்பிட வேண்டும்.

நீங்கள் முஸ்தஃபாவைக் கடைசி வரை முடித்திருக்கிறீர்களா?

ஒரே ஒரு முறை. எனக்குப் பன்னிரண்டு வயது. மொத்தம் எட்டு ஸ்டேஜ். நானும், பக்கத்து வீட்டுப் பையனும், பெயர் தெரியாத ஒரு ஆட்டோ டிரைவர் அண்ணனும் சேர்ந்து ஆடினோம். ஏழாவது ஸ்டேஜில் மற்ற இருவருக்கும் லைஃப் தீர்ந்துபோய், அவர்களும் கூட்டத்தோடு பின்னால் நின்றுவிட்டார்கள். கடைசி ஸ்டேஜில், வில்லன் ஃபெசன்டன் டைனோசராக உருமாறி வந்து என்னையும் அடித்துப் போட்டான். திரையில் எண் ஒன்பதிலிருந்து இறங்க ஆரம்பித்தது. பாக்கெட்டில் காசு இல்லை. எட்டு, ஏழு, ஆறு. நான் பட்டனில் இருந்து கையை எடுத்துவிட்டேன். மூன்று என்று வந்தபோது என் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டு ஒரு ரூபாயைப் போட்டது. திரும்பிப் பார்க்க நேரமில்லை. ஆட்டத்தை முடித்துவிட்டுத் திரும்பினால் முப்பது பேரும் கத்திக்கொண்டு நிற்கிறார்கள், யார் போட்டார்கள் என்று யாருமே சொல்லவில்லை.